வால்வு கவர் மேலே ஒரு குழாய்

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் போன கடிதம் மொத்தம் நாலு வரி. அதில் இரண்டு வரி வானிலை. கடலில் மழை பெய்தால் எனக்கு என்னடா, அங்கே துணியா காயப் போட்டிருக்கிறேன்? சாப்பிடுகிறாயா, பல்வலி போயிற்றா என்று எழுது, அது போதும். கப்பலில் போன் சரியாக எடுப்பதில்லை. கம்பெனி ஆபீஸுக்குப் போடும் கடிதம்தான் மூன்று நாலு வாரம் கழித்தாவது வந்து சேருகிறது. அதிலும் இந்தக் கஞ்சத்தனம் வேண்டாம்.

இங்கே குறை ஒன்றும் இல்லை. உன் அத்தான் வழக்கம்போல் கடைக்குப் போகிறார், சாவி வெட்டுகிறார், யாராவது சாவியைத் தொலைத்துவிட்டு நின்றால் போய்ப் பூட்டைத் திறந்து கொடுக்கிறார். இடது கை நன்றாகப் பழகிவிட்டது. வலது கையில் அந்த இரண்டு விரலும் அப்படியேதான், மடங்காது. "ரெண்டு பேர் லீவு, மீதி எட்டு பேர் ஓவர்டைம்" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிக்கிறார். நான் பஸ் டிப்போ ஸ்டோரில்தான். என்ன பார்ட் கேட்கிறார்களோ எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்கிறேன்.

எழுத வந்த விஷயம் வேறு. தெருமுனையில் ஒரு பல் டாக்டர் அம்மா இருக்கிறார். ஆஸ்பத்திரிக் கதவின் சாவியை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு அத்தானிடம் வந்திருக்கிறார். பேச்சு வாக்கில் அவருக்கு ராலி கார்ப் பந்தயம் ஓட்டும் ஆசை உண்டு என்று தெரிந்திருக்கிறது. அத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? நம் வண்டி ஷெட்டில் மூடிக் கிடப்பதைச் சொல்லிவிட்டார். அந்த அம்மா வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். கருகிய பானெட்டைப் பார்த்தும் முகம் சுளிக்கவில்லை. "இந்த எஞ்சினைக் கட்டினது யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "அப்ப நீங்களே திரும்பக் கட்டிக் குடுங்க" என்றார். நான் இப்போது எஞ்சின் கட்டுவதில்லை என்று சொன்னேன். அப்படியானால் இருக்கிறபடியே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார்.

இருக்கிறபடியே எப்படிக் கொடுப்பது? நடந்தது உனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்குத் தெளிவாகிறது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ போட்டு நான் கட்டிய எஞ்சின். நீ ஓட்டினாய். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து வளைவுகளை நோட்டிலிருந்து படித்துச் சொன்னார். மலைப் பாதையில் ஆறாவது கிலோமீட்டரில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் தானாகவே எகிறி வெளியே வந்து, அந்த ஓட்டை வழியாக ஆயில் பீறிட்டு, பழுக்கக் காய்ந்த டர்போ மேல் விழுந்து தீப்பிடித்தது. அணைக்கப் போன அத்தான் பானெட்டைத் திறந்தார். அவர் வலது கை வெந்து போயிற்று.

டிப்ஸ்டிக் எகிறுகிறது என்றால் எஞ்சினின் அடிவயிற்றில் அழுத்தம் ஏறியிருக்கிறது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கேஸ் அளவுக்கு மேல் கீழே இறங்கியிருக்கிறது. ரிங் போட்டது நான். இடைவெளி அளந்ததும் நான். என் தப்பு என்று அன்றைக்கே எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் எந்த இடத்தில் தவறினேன் என்று திறந்து பார்க்கிற தைரியம் மட்டும் மூன்று வருஷமாக வரவில்லை. இப்போது பார்க்கத்தான் வேண்டும். தெரியாமல் இன்னொருத்தர் கையில் அந்த வண்டியைக் கொடுக்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பல்லைப் பற்றித் தனியாக எழுது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் புகார் கிடைத்தது. இதோ நீளமாக எழுதுகிறேன், முழம் போட்டு அளந்துகொள். பல்வலி போய்விட்டது. பல்லும் கூடவே போய்விட்டது. போன துறைமுகத்தில் ஒருவர் பிடுங்கி என் கையிலேயே கொடுத்துவிட்டார். உங்கள் தெரு டாக்டர் அம்மாவிடம் சொல்லாதே, வருத்தப்படுவார்.

எஞ்சின் ரூமில் ஃபிட்டர் வேலைதான் இன்னும். இந்த எஞ்சினை நீ பார்க்க வேண்டும் அக்கா. மூன்று மாடி உயரம். பிஸ்டனைப் பார்க்க ஏணி வைத்து இறங்க வேண்டும். நம் வண்டி எஞ்சினை இதன் பக்கத்தில் வைத்தால் தீப்பெட்டி. சீஃப் எஞ்சினியர் ஒருத்தர் இருக்கிறார், அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஒரு பாஷையில் காலம் ஓடுகிறது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார். அதில் ஆறு, டீ கேட்பதற்கு.

சாப்பாடு பரவாயில்லை. தூக்கம் ஷிஃப்டைப் பொறுத்தது.

வண்டி விஷயம். அதைத் திறக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று வருஷம் கிடந்த எஞ்சின், உள்ளே எல்லாம் துருவாகத்தான் இருக்கும், ஒன்றும் தெரியப் போவதில்லை. அந்த அம்மாவுக்கு ஆசை இருந்தால் வேறு எஞ்சின் போட்டுக்கொள்ளட்டும். பாடியை மட்டும் கொடு, எஞ்சினை உடைக்கப் போடு. ரிங் தப்பு, ரிங் தப்பு என்று நீயே எதற்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்? எஞ்சின் என்றால் ஆயிரம் இருக்கும். உன் மேல் தப்பு என்று யாரும் சொல்லவில்லை, உன்னைத் தவிர.

அத்தானைக் கேட்டதாகச் சொல். ஆனால் அவர் விரலைப் பற்றி எழுதும்போது வேடிக்கையாக எழுதாதே அக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் தம்பி


மார்ச் 6

அன்புத் தம்பி,

நீ வேண்டாம் என்றாய், நான் திறந்துவிட்டேன். உன் கடிதம் வந்தபோது எஞ்சினின் மேல் மூடி, வால்வு கவர், ஏற்கெனவே தரையில் இருந்தது. உன் பேச்சைக் கேட்காமல் இருப்பது எனக்குப் புதிதா என்ன?

நாலு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. முதல் ஞாயிறு மதியம் ஷெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா நின்றேன். ஸ்பேனரைக் கையில் எடுத்தால் வியர்த்தது. அத்தான்தான் வந்து, "நீ சொல்லு, நான் கழட்டுறேன்" என்றார். அவருக்கு எது எஞ்சின் எது ரேடியேட்டர் என்பதே அரைகுறை, உனக்குத் தெரியும். இடது கையால் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, சாவி போட்டு வைக்கும் டப்பாக்களில் ஒன்றொன்றாகப் போட்டு, மேலே சீட்டு ஒட்டினார். ஆறாவது போல்ட்டில் இறுக்கம். அவரால் முடியவில்லை. நான் என்னையறியாமல் போய் வாங்கிக் கழற்றினேன். அதன் பிறகு கையை எடுக்கவே இல்லை.

இப்போது கேள். நாலு பிஸ்டனின் ரிங்குகளையும் சிலிண்டருக்குள் வைத்து இடைவெளி அளந்தேன். மெல்லிய தகடுகளை உள்ளே விட்டுப் பார்த்தேன். பிறகு ஒவ்வொன்றையும் இன்னொரு முறை. எல்லாம் நான் அன்றைக்கு எழுதி வைத்த அளவுதான். துரு உண்டு, ஆனால் சிலிண்டரில் கீறல் இல்லை, பிஸ்டனில் கருக்கல் இல்லை. டாக்டர் அம்மா பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைக் கொண்டுவந்து உள்ளே விட்டு நாலு சிலிண்டரையும் பார்த்தார். பார்த்துவிட்டு, "சொத்தை எதுவும் இல்லை" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. காலுக்குக் கீழே எதையோ உருவிக்கொண்ட மாதிரி இருந்தது. தப்பு இன்னது என்று தெரிந்திருந்தால் அதைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு முடித்திருப்பேன். இப்போது எதைக் கட்டிக்கொள்வது?

ஆகவே யோசிக்கிறேன். எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் எந்த எஞ்சினிலும் கொஞ்சம் கேஸ் பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும். டர்போ போட்டால் இன்னும் கூட. அது வெளியே போகத்தான் வால்வு கவரின் மேல் பிரீதர் என்ற மூச்சு வழி. கம்பெனி வைத்த பழைய வழியை நான் அடைத்துவிட்டேன், டர்போ காற்று அதன் வழியே திரும்ப உள்ளே வந்துவிடும் என்பதால். அதற்குப் பதில் கட்டை விரல் பருமனில் ஒரே ஒரு ஹோஸ். வால்வு கவரிலிருந்து நான் செய்து வைத்த ஒரு அலுமினிய டப்பாவுக்குப் போகும். கூட வரும் ஆயில் டப்பாவில் தங்கிவிடும், கேஸ் மேலே இருக்கும் ஃபில்டர் வழியாகப் போய்விடும். கீழே இறங்கிய கேஸ் அதிகமில்லை என்றால், வெளியே போகும் வழி குறைந்திருக்க வேண்டும். வேறு கணக்கு எனக்குத் தெரியவில்லை.

உன்னைத்தான் கேட்க வேண்டும். ஓட்டும்போது உள்ளே ஆயில் வாடை வந்ததா? ஹோஸ் எங்கேயாவது மடங்கியிருந்ததா? புறப்படுவதற்கு முன் நான் டயர் எடுத்துவர அந்தப் பக்கம் போனேனே, அந்த அரை மணி நேரத்தில் பந்தயக்காரர்களின் செக்கிங் ஆட்கள் பானெட்டைத் திறந்தார்களா, எதையாவது தொட்டார்களா? அத்தானைக் கேட்டேன். அவர் வண்டிக்குள் உட்கார்ந்து நோட்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாராம். பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி.

நன்றாக யோசித்து எழுது. அவசரமில்லை.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை. செக்கிங் ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். யாரும் எதையும் தொடவில்லை. நீ விட்டுவிட்டுப் போனபடியேதான் எல்லாம் இருந்தது.

ரிங் சரியாக இருக்கிறது என்று படித்தேன். நீ கட்டினால் சரியாகத்தான் இருக்கும். இதோடு விட்டுவிடு. அந்த அம்மாவுக்கு எஞ்சினைக் கட்டிக் கொடு, பழையதைக் கிளற வேண்டாம்.

இங்கே வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 17

அன்புத் தம்பி,

நான் கேட்டதற்கு உன் பதில் இன்னும் வரவில்லை. வழியில் எங்கேயோ இருக்கும். அதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

நேற்று மதியம் அந்த ஹோஸை எடுத்தேன். தீயில் வெந்து கட்டை மாதிரி இறுகியிருந்தது. உள்ளே கரி அடைத்திருக்கிறதா என்று பார்க்க நீளவாக்கில் பிளந்தேன். அடைப்பு இல்லை. ஆனால் டப்பாவில் மாட்டும் முனையில், உள்பக்கம், சுற்றிச் சுற்றி வரி வரியாக மரை பதிந்திருக்கிறது. ரப்பர் சூட்டில் இளகியபோது உள்ளே இருந்ததன் அச்சு அப்படியே தங்கிவிட்டது. ஹோஸுக்கு மரை எதற்கு? டப்பாவின் வாய் வழுவழு என்று இருக்கும், அதைக் கடைந்தது நான்தான். ஸ்டோரிலிருந்து ஒரு போல்ட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு மில்லிமீட்டர் போல்ட். வரிக்கு வரி பொருந்துகிறது.

யாரோ அந்த முனையில் போல்ட்டைச் சொருகி, மேலே கிளிப்பும் போட்டு இறுக்கி அடைத்திருக்கிறார்கள். பிறகு எடுத்தும் இருக்கிறார்கள். ஏனென்றால் தீ அணைந்த பிறகு நான் பார்த்தபோது ஹோஸ் டப்பாவோடுதான் இருந்தது.

புறப்படும் முன்னும் தீ அணைந்த பிறகும் அந்த ஹோஸின் பக்கத்தில் கை போகக்கூடிய ஆட்கள் மூன்று பேர். நான் செய்யவில்லை. உன் அத்தானுக்கு அப்படி ஒரு ஹோஸ் இருப்பதே போன மாதம்தான் தெரியும்.

தம்பி, நான் உன்னை எதுவும் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும். கேட்டு வாங்கின பதில் எனக்கு வேண்டாம். அத்தானிடமும் இதைச் சொல்லவில்லை. பிளந்த ஹோஸைத் துணியில் சுற்றி என் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

சாப்பிடு. குளிர் இடம் என்றால் கழுத்தைப் போர்த்திக்கொள்.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

மார்ச் மாதம் நீ எழுதியதற்குப் பிறகு உன் கடிதம் எதுவும் எனக்கு வரவில்லை. நான் இரண்டாம் தேதி ஒன்று போட்டேன். அதில் இருப்பது பொய். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் வந்து சேர வழியில்லை என்று தெரியும். அதுதான் எனக்கு இப்போது பெரிய வேதனை. நீ அதை நம்பிக்கொண்டிருப்பாய்.

போன வாரம் சீஃப் என்னை எஞ்சினின் பிரீதர் பைப்பைச் சுத்தம் செய்யச் சொன்னார். இந்தப் பெரிய எஞ்சினுக்கும் அது உண்டு அக்கா. அடிவயிற்றில் சேரும் ஆயில் புகை கப்பலின் மேல்தளத்துக்குப் போய் வெளியேறும். அதன் வாயில் ஒரு வலை இருக்கும். அது பாதிக்கு மேல் அடைத்திருந்தது. கழற்றிக் கையில் எடுத்தேன், அப்படியே நின்றுவிட்டேன். அழுக்கைத் துடைக்கவில்லை. சீஃப் பார்த்துவிட்டு, இதற்கு முன் செய்ததில்லையா என்று கேட்டார். எங்களுடைய அந்த அரைகுறை பாஷையில் நான் சொன்னேன்: "நான் ஒண்ணை அடைச்சிருக்கேன்."

அவர் உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். முதலில் உன்னிடம் சொல்லாமல் முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னேனே என்று இப்போது வெட்கமாக இருக்கிறது. கேட்டுவிட்டு, யாராவது செத்தார்களா என்றார். இல்லை என்றேன். "அப்ப எழுது" என்றார். அவ்வளவுதான்.

எழுதுகிறேன். நீ டயர் எடுக்கப் போன பிறகு செக்கிங் ஆள் வந்து குனிந்து பார்த்தார். டப்பாவின் அடியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. ரோட்டில் ஆயில் சிந்தினால் புறப்பட விட மாட்டேன், பதினைந்து நிமிஷத்தில் சரி செய், இல்லையென்றால் வண்டியை ஓரம் கட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். உன்னைத் தேடினேன், காணோம். ஒரு வருஷம் நாம் இரண்டு பேரும் உழைத்தது அந்த ஒரு நாளுக்காக. டூல் பெட்டியில் ஒரு போல்ட் கண்ணில் பட்டது. ஹோஸை டப்பாவிலிருந்து உருவி, போல்ட்டைத் திணித்து, கிளிப்பை இறுக்கினேன். சொட்டுவது நின்றது. அந்த ஆள் வந்து பார்த்துத் தலையாட்டினார். பத்து நிமிஷ ஓட்டம்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை அக்கா. நீ நூறு தடவை சொல்லியிருக்கிறாய். தெரிந்தேதான் நினைத்தேன்.

இதோடு முடிந்திருந்தால் இத்தனை வருஷம் ஊமையாக இருந்திருக்க மாட்டேனோ என்னவோ. மீதியையும் கேள். தீ அணைந்ததும் அத்தானை ரோட்டோரம் உட்கார வைத்து எல்லோரும் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் கத்தியது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அவரிடம் போகவில்லை. வண்டியிடம் போனேன். புகைக்குள் கையை விட்டு அந்தப் போல்ட்டை உருவினேன், ஹோஸைத் திரும்ப டப்பாவில் மாட்டினேன். என் உள்ளங்கை வெந்தது. அத்தானைத் தூக்கும்போது பட்ட காயம் என்று உன்னிடம் சொன்னேன். நீ அதற்கும் மருந்து போட்டுவிட்டாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு பாலத்தின் மேலிருந்து போல்ட்டை எறிந்தேன்.

பிறகு நீ வந்து, ரிங் தப்பு, என் தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னாய். அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு நாள் தள்ளினேன். அடுத்த நாள் இன்னும் கஷ்டமாகிவிட்டது. நீ டூல் பெட்டியைப் பூட்டினாய், டிப்போவில் சேர்ந்தாய். என்னால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. அதனால்தான் கப்பல். சம்பாதிக்கத்தான் போகிறான் என்று நீ எல்லோரிடமும் சொன்னாய்.

மன்னித்துவிடு என்று எழுதப் பார்த்தேன். அந்த வார்த்தையை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று தெரியவில்லை. உன் எஞ்சின் சரியாக இருந்தது அக்கா. ஆரம்பத்திலிருந்தே சரியாக இருந்தது.

ஜூலையில் என் ஒப்பந்தம் முடிகிறது. திரும்ப இன்னொரு வருஷம் கையெழுத்துப் போடுவதா என்று கேட்கிறார்கள். நீ சொல்வதைச் செய்கிறேன்.

தம்பி


மே 21

தம்பிக்கு,

உன் இரண்டாம் தேதிக் கடிதம் ஏப்ரல் கடைசியில் வந்தது. நான் ஹோஸைப் பிளந்து பார்த்துப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. "நீ விட்டுவிட்டுப் போனபடியேதான் எல்லாம் இருந்தது" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை டிப்போவில் நின்றபடி படித்தேன். ஒருவர் வந்து ஃபேன் பெல்ட் கேட்டார், நான் பிரேக் ஷூவை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த மூன்று வாரம் நான் எப்படி இருந்தேன் என்று எழுதப் போவதில்லை. நீ போல்ட் வைத்ததற்கு அழவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொல்லாவிட்டாலும், காகிதத்தில்கூட உன்னால் சொல்ல முடியவில்லையே என்று அழுதேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது எதை உடைத்தாலும் என்னிடம்தான் முதலில் வருவாய்.

மே பதினாறாம் தேதி உன் அடுத்த கடிதம் வந்தது. படிப்பதற்கு முன்னால் மேலே தேதியைப் பார்த்தேன். ஏப்ரல் பத்தொன்பது. நான் மரையைப் பற்றி எழுதிய கடிதத்தைப் பதினேழாம் தேதிதான் போட்டேன். எந்தக் கடிதமும் இரண்டு நாளில் உன்னிடம் வந்ததில்லை. நான் கண்டுபிடித்தது தெரியாமலேதான் நீ சொல்லியிருக்கிறாய். தேதியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். மீதியை அப்புறம்தான் படித்தேன்.

கோபம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. அதை ஒளித்து வைத்து எழுதத் தெரியவில்லை. அத்தான் கையைக்கூட ஒரு பக்கம் வை, அதை அவர் உன்னிடம் கேட்டுக்கொள்வார். என் மூன்று வருஷத்தை எடுத்துக்கொண்டாய்டா. கையில் ஸ்பேனர் இருந்தால் வியர்க்கிற ஆளாக என்னை ஆக்கினாய், தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டும் இருந்தாய். இது ஒரு கடிதத்தில் போகாது. எத்தனை நாளில் போகும் என்று எனக்கே தெரியவில்லை.

ஒன்று என் பக்கமும் உண்டு. அந்த டப்பாவை மெல்லிய தகட்டில் அடித்து வெல்டு வைத்தது நான். எஞ்சின் அதிர்வில் அது விரிசல் விடும் என்று யோசித்திருக்க வேண்டும். அது என் பங்கு, எடுத்துக்கொள்கிறேன். போல்ட் உன் பங்கு. அதை நான் சுமக்க மாட்டேன்.

அத்தானிடம் மறுநாள் மதியம் கடையில் வைத்துப் படித்துக் காட்டினேன். சாவி ஒன்றை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். நீ வண்டியிடம் போன இடம் வந்ததும் அரம் நின்றது. "அதைத் திரும்பப் படி" என்றார். படித்தேன். எழுந்து ஷட்டரை இழுத்துவிட்டு நடந்து போய்விட்டார். இரண்டு நாள் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சாப்பிட்டார், வேலைக்குப் போனார், வேடிக்கைப் பேச்சு மட்டும் இல்லை. மூன்றாவது நாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "கை என்னோடது. அவனை என்ன செய்யறதுன்னு நான்தான் சொல்லணும், நீ முந்திக்காதே. இன்னொரு வருஷம் கையெழுத்துப் போட வேண்டாம்னு எழுது. எனக்குக் கடிதம் வேண்டாம். என் எதிரில உட்கார்ந்து சொல்லட்டும்."

ஆகவே கையெழுத்துப் போடாதே. அவர் சொன்னதை எழுதிவிட்டேன். நானும் அதையேதான் சொல்கிறேன்.

வண்டியைப் பற்றியும் எழுத வேண்டும். டாக்டர் அம்மாவிடம் நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள் என்றேன். அவர் யோசித்துவிட்டு, எஞ்சினை நான் கட்டிக் கொடுத்தால்தான் வாங்குவதாக முதல் நாள் பாட்டையே பாடினார். கட்டினேன். பாதி முன்பே சேர்த்திருந்தேன், மீதியையும் நான் ஒருத்தியாகவே முடித்தேன். டப்பாவைக் கெட்டித் தகட்டில் புதிதாகச் செய்து, அதிர்வு தாங்க அடியில் ரப்பர் வைத்தேன். அதிலிருந்து வரும் குழாயை இந்த முறை வெளியே விடவில்லை. டர்போவுக்கு முன்னால் காற்று இழுக்கும் இடத்தில் சேர்த்துவிட்டேன். எஞ்சினே தன் கேஸை உறிஞ்சிக்கொள்ளும். ரோட்டில் ஒரு சொட்டு விழாது. ஓட்டுகிற யாருக்கும் எதையும் அடைக்க வேண்டிய அவசியம் வராது.

நேற்று ஸ்டார்ட் செய்தோம். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயின் மேல் ஒரு காகிதத்தை வைத்தேன். உள்ளே அழுத்தம் இருந்தால் காகிதம் பறந்துவிடும். பறக்கவில்லை. மெல்ல ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னேன், அப்போதும் நின்றது. டாக்டர் அம்மா கை தட்டினார். அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, இதுக்கா இத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று கேட்டார். மூன்று நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கை அது. நான் ஷெட்டுக்குப் பின்னால் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

டிப்போவில் இந்த மாதக் கடைசியோடு நிற்பதாகச் சொல்லிவிட்டேன். டாக்டர் அம்மாவின் சிநேகிதர் ஒருவர் தன் எஞ்சினையும் கொண்டுவருகிறாராம்.

கப்பல் எந்தத் தேதி எந்தத் துறைமுகத்துக்கு வருகிறது என்று எழுது. நான் வந்து நிற்பேன். உன்னைக் கட்டிக்கொள்வேனா, திட்டுவேனா என்று இப்போது கேட்காதே. வந்து நிற்பேன், அது நிச்சயம்.

கடிதத்தை ஒட்டப் போகிறேன் என்றதும் அத்தான் பேனாவை வாங்கிக்கொண்டார். கீழே இருப்பது அவர் எழுதியது. இடது கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

உன் அக்கா

மூன்று நாளைக்கு முன்னால் வீட்டு வாசல் பூட்டை மாற்றினேன். கோபத்தில்தான். உன்னிடம் இருக்கும் சாவி இனிமேல் சேராது. புதுச் சாவி ஒன்று உனக்காக வெட்டி வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன். வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொள்.